சவர்த் தண்ணீரில் நின்று வெங்காயம் வாடுவது ஏன்?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற ஒருவர் கேட்டிருக்கிறார். பரவலில் மூலக்கூறுகள் செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகும் என்று படிக்கிறோம். பிரசாரணத்தில் மட்டும் தண்ணீர் மென்சவ்வுக்குள்ளால் ஐதான பக்கத்திலிருந்து செறிந்த பக்கத்துக்குப் போகும் என்கிறார்கள். இது முரண் இல்லையா? உப்பு தண்ணீரை இழுக்கிறதா? கலமென்சவ்வு கொழுப்பால் ஆனது என்றால் தண்ணீர் அதற்குள்ளால் எப்படிப் போகிறது? கடைசியாக ஊர்ப் பிரச்சினை ஒன்று: வீட்டுக் கிணறு உப்பேறிச் சவராகிவிட்டது, அந்தத் தண்ணீரைப் பாத்திக்கு இறைத்தால் மண் ஈரமாக இருக்கும்போதே வெங்காயம் வாடுகிறது. அதுவும் பிரசாரணம்தானா?

முரண் எதுவும் இல்லை. "ஐதான", "செறிந்த" என்று நாம் சொல்வது கரையத்தை, அதாவது கரைந்திருக்கிற பொருளைப் பற்றி, நகர்வதோ தண்ணீர். உப்பு கலந்த பக்கத்தில் தண்ணீரின் நிலை தாழ்ந்திருக்கிறது, சுத்தமான பக்கத்தில் உயர்ந்திருக்கிறது. தண்ணீர் தன் உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்குத்தான் போகிறது. இந்த நிலைக்குத்தான் பாடப்புத்தகத்தில் நீரழுத்தம் (water potential) என்று பெயர்; தள்ளுகிற அமுக்கம் (pressure) வேறு. சுத்தமான தண்ணீருக்கு அதைப் பூச்சியம் என்று வைத்துக்கொள்கிறோம். கரையம் சேரச் சேர அது மறைப் பெறுமானமாக இறங்கும். தள்ளுகிற அமுக்கம் இருந்தால் ஏறும். நீரழுத்தம் என்பது, கரையத்தால் வரும் பங்கான கரைய அழுத்தமும் அமுக்கத்தால் வரும் பங்கான அமுக்க அழுத்தமும் சேர்ந்த கூட்டுத்தொகை. இந்த ஒரு சமன்பாட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், பிரசாரணம் பற்றிக் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு வேறொன்றும் தேவையில்லை.

ரியூசன் வகுப்புகளில் இதை "தண்ணீரின் செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு" என்று சுருக்கிச் சொல்வார்கள். பரீட்சைக்கு அது உதவும். ஆனால் அதையே காரணம் என்று நினைத்துவிடக்கூடாது. ஏன் என்று பாருங்கள். ஒரு மோல் வெல்லம், அதாவது சுக்குரோசு, கரைசலில் ஏறத்தாழ 210 மில்லிலீற்றர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஒரு மோல் கறியுப்புக்கு 20 மில்லிலீற்றர்கூட வேண்டாம். தண்ணீரின் செறிவு குறைவதுதான் காரணம் என்றால், இடத்தை அதிகம் பிடிக்கிற வெல்லம்தான் உப்பை வெகுதூரம் பின்தள்ள வேண்டும். நடப்பது தலைகீழ். ஐதான கரைசல்களில் ஒரு மோல் உப்பு, ஒரு மோல் வெல்லத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரசாரண அமுக்கத்தை (மென்சவ்வு வழியே தண்ணீர் வருவதை நிறுத்தத் தேவையான அமுக்கத்தை) தருகிறது. உப்பு சோடியம், குளோரைட்டு என்று இரண்டு துணிக்கைகளாகப் பிரிகிறது, வெல்லம் பிரிவதில்லை. எவ்வளவு பெரிய துணிக்கை என்பதற்கு இங்கே மதிப்பில்லை. எத்தனை துணிக்கைகள் என்பதற்குத்தான் மதிப்பு. இதை ஒரு விதியாக எழுதிய வான் ற் ஹொவ் 1901 இல் வேதியியலுக்கான முதலாவது நோபல் பரிசைப் பெற்றார்.

"இழுப்பது" என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். மென்சவ்வின் வாசலில் நடப்பதைக் கற்பனை செய்தால் விளங்கும். கரையத் துணிக்கை துளைக்குள் நுழைய முடியாமல் மோதித் திரும்புகிறது. திரும்பும்போது தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரையும் கொஞ்சம் பின்னே தள்ளிக்கொண்டு போகிறது. அதனால் துளையின் அந்த வாயில் அமுக்கம் சற்றுக் குறைகிறது. மறுபக்கத்தில் அப்படித் திரும்பிப் போகிறவர்கள் குறைவு, அமுக்கம் குறையவில்லை. எனவே தண்ணீர் அந்த மறுபக்கத்திலிருந்து கரையம் கூடிய பக்கத்துக்குப் பாய்கிறது. உப்பு தண்ணீரைக் கைபிடித்து இழுத்திருந்தால் மென்சவ்வே தேவைப்பட்டிருக்காது. உப்பைத் திருப்பி அனுப்புகிற ஒரு தடை இல்லாவிட்டால் உப்பும் தண்ணீரும் சும்மா கலந்துவிடும், அமுக்கம் எதுவும் எழாது.

அந்த அமுக்கம் எவ்வளவு பெரியது என்று பலர் யோசிப்பதில்லை. ஒரு லீற்றர் தண்ணீரில் 6 கிராமுக்குச் சற்றுக் குறைவான உப்பு, அதாவது 0.1 மோல், கரைந்திருந்தால் நம்மூர் வெப்பநிலையில் பிரசாரண அமுக்கம் ஏறத்தாழ 5 வளிமண்டலம். 50 மீற்றர் உயரமான தண்ணீர்த் தாங்கியின் அடியில் இருக்கிற அமுக்கத்துக்குச் சமன். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு; அமுக்கம் 27 வளிமண்டலத்துக்குக் கிட்ட வரும்.

இனி மென்சவ்வு. அதன் தடிப்பு 7 அல்லது 8 நனோமீற்றர்தான். பொஸ்போலிப்பிட்டு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, தண்ணீரை விரும்பும் தலைகளை வெளியேயும் வெறுக்கும் வால்களை உள்ளேயும் வைத்துக்கொண்டு நிற்கின்றன. இப்படி இரட்டை வரிசைதான் என்று 1925 இல் கோர்ட்டரும் கிரெண்டலும் காட்டினார்கள். புரதங்கள் அதில் மிதந்து நகர்கின்றன என்ற பாய்மச் சித்திர மாதிரியை 1972 இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்தார்கள்.

இந்தக் கொழுப்புப் படலத்தை யார் கடக்கலாம்? ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, அற்ககோல், ஸ்டீரொயிட் ஓமோன்கள் எல்லாம் தடையில்லாமல் போகும். குளுக்கோசு பெரியது, தண்ணீரோடு ஒட்டிக்கொள்வது; மிக மெதுவாகத்தான் கசியும். சோடியம், பொட்டாசியம் போன்ற அயன்கள் அளவில் சிறியவைதான், ஆனால் மின்னேற்றம் இருப்பதால் தண்ணீர் மூலக்கூறுகளைச் சட்டைபோலப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொழுப்புக்குள் இறங்க அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. தண்ணீருக்கு முனைவு இருந்தாலும் மொத்த ஏற்றம் இல்லை, உருவமும் சிறியது. ஆகவே வெறும் கொழுப்புப் படலத்தையும் அது ஓரளவு கடக்கும். சோடியம் அயனோடு ஒப்பிட்டால் தண்ணீரின் வேகம் கோடிக்கணக்கான மடங்கு அதிகம்.

ஆனால் கணக்கு உதைத்தது. இரத்தச் செங்குழியத்துக்குள் தண்ணீர் போகிற வேகம் வெறும் கொழுப்பால் விளக்கக்கூடிய அளவைவிட மிக அதிகமாக இருந்தது. இரசச் (பாதரசச்) சேர்வைகளைப் போட்டால் அந்த வேகம் சட்டென்று விழுந்தது. கொழுப்பை இரசம் அப்படி அடைத்துவிடாது, புரதத்தைத்தான் பிடிக்கும். எனவே எங்கோ ஒரு புரதத் துளை இருக்கவேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சந்தேகித்தார்கள். அதைப் பிடித்தவர் பீற்றர் ஏகர். அவர் தேடிக்கொண்டிருந்ததோ வேறொன்று. இரத்த வகையோடு தொடர்புடைய புரதத்தைப் பிரித்தெடுக்கும்போது கூடவே வந்த, பெயர்கூட இல்லாத ஒரு புரதம் அது. 1992 இல் அதற்குரிய ஆர்.என்.ஏ.யைத் தவளை முட்டைக் கலத்துக்குள் செலுத்தி, முட்டையை ஐதான கரைசலில் போட்டார்கள். சாதாரண தவளை முட்டை குளத்துத் தண்ணீரில் கிடந்தாலும் வீங்காது. இந்த முட்டைகள் சில நிமிடங்களில் வீங்கி வெடித்தன. அந்தப் புரதத்துக்கு அக்குவாபோரின் என்று பெயர் வைத்தார்கள். 2003 இல் ஏகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்குவாபோரினின் மிக ஒடுங்கிய இடம் ஏறத்தாழ 0.28 நனோமீற்றர். தண்ணீர் மூலக்கூறு ஒன்று மட்டும் நுழைய முடியும், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகவேண்டும். அப்படிப் போயும் ஒரு துளைக்குள்ளால் ஒரு செக்கனில் ஏறக்குறைய 300 கோடி மூலக்கூறுகள் கடக்கின்றன. ஒரு செங்குழியத்தில் இப்படி இரண்டு இலட்சம் அளவில் இருக்கின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த விடயம் வேகம் இல்லை. தண்ணீரைச் சங்கிலியாக விட்டால் அந்தச் சங்கிலி வழியே ஐதரசன் அயன், அதாவது புரோத்தன், தாவித் தாவி ஓடிவிடும். ஓடினால் கலத்தின் சக்தி உற்பத்தியே குழம்பிவிடும். துளையின் நடுவில் ஏற்றங்கள் அமைந்திருக்கிற விதமும், அங்கே ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் திருப்பிவிடப்படுவதும் அந்தத் தாவலைத் தடுத்துவிடுகின்றன. தண்ணீர் போகலாம், அதில் தொற்றிக்கொண்டு புரோத்தன் போகமுடியாது.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அக்குவாபோரின் தீர்மானிப்பதில்லை. நல்லூர்த் தேர் முடிந்து சனம் வீடு திரும்பும்போது இன்னும் இரண்டு வழியைத் திறந்துவிட்டால் கெதியாகக் கலைவார்கள். அவ்வளவுதான், வழி திறந்ததற்காக யாரும் திரும்பிக் கோயிலுக்குள் போகப்போவதில்லை. திசையைத் தருவது இரு பக்கத்து நீரழுத்த வித்தியாசம், வேகத்தைத் தருவது வாசல். விடைத்தாள்களில் இந்த இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் நிறையப்பேர். "அக்குவாபோரின் தண்ணீரை உள்ளே பம்பு பண்ணும்" என்று எழுதினால் புள்ளி போகும். தண்ணீரை நேரடியாகப் பம்பு பண்ணுகிற புரதம் என்று ஒன்று கலங்களில் கிடையாது.

அப்படியென்றால் கலம் தண்ணீரை எப்படி நடத்துகிறது? கரையங்களை நகர்த்தித்தான். அதற்கு வகைவகையான புரதங்கள் இருக்கின்றன. கால்வாய்ப் புரதங்கள் திறந்தால் அயன்கள் தம் வித்தியாசத்தின் வழியே சரிந்து ஓடும். பொட்டாசியக் கால்வாய் பொட்டாசியத்தை விட்டு, அதைவிடச் சிறிய சோடியத்தை மறிக்கிறது. எப்படி? துளையின் உட்பக்கத்து ஒட்சிசன் அணுக்கள், பொட்டாசியம் கழற்றிவைத்த தண்ணீர்ச் சட்டைக்குச் சரியான மாற்றாக அமைந்திருக்கின்றன. சோடியத்துக்கு அந்தச் சட்டை தொளதொளவென்று இருக்கும், அதனால் அது தன் தண்ணீரைக் கழற்றத் துணியாது. இந்த அமைப்பை 1998 இல் வெளியிட்ட மக்கின்னன், ஏகரோடு அதே நோபல் பரிசைப் பகிர்ந்தவர். காவிப் புரதங்கள் குளுக்கோசு போன்றவற்றைப் பிடித்து, உருமாறி, மறுபக்கம் விடும். இதற்கும் சக்தி வேண்டாம். செறிவு வித்தியாசம் போதும். இன்சுலின் வந்ததும் தசைக்கலம் இப்படிப்பட்ட காவிகளைத்தான் உள்ளிருந்து மென்சவ்வுக்குக் கொண்டுவருகிறது.

சரிவுக்கு எதிராக ஏற்றவேண்டும் என்றால் சக்தி செலவாகும். சோடியம்-பொட்டாசியம் பம்பு கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரீ.பி. ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. 1957 இல் ஸ்கூ கண்டுபிடித்தது. 1997 இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இந்தப் பம்பு நின்றால் விலங்குக் கலத்துக்குள் சோடியம் சேரும், பின்னால் தண்ணீர் வரும், கலம் வீங்கும். ஆக, நம் கலங்கள் வெடிக்காமல் இருப்பதற்கே தினமும் காசு கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லலாம்.

கரையத்தை நகர்த்தித் தண்ணீரை நடத்துவதற்கு எங்கள் வீடுகளில் தெரிந்த நல்ல உதாரணம், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கற். வயிற்றோட்டத்தில் வெறும் தண்ணீரைக் குடித்தால் போதாது, அதில் உப்பும் சீனியும் எதற்கு? சிறுகுடற் கலத்தில் ஒரு காவி இருக்கிறது. அது இரண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோசையும் ஒன்றாகத்தான் உள்ளே எடுக்கும், ஒன்று இல்லாவிட்டால் மற்றது போகாது. சோடியம் உள்ளே சரியும் வேகத்தில் குளுக்கோசு ஏறிக்கொள்கிறது. மறுபக்கத்திலுள்ள பம்பு சோடியத்தை இரத்தத்தின் பக்கம் தள்ளுகிறது. கரையம் அந்தப் பக்கம் சேர்ந்ததும் தண்ணீர் தானாகப் பின்தொடர்கிறது. கொலராவில்கூட இந்தக் காவி பழுதாவதில்லை. 2002 இல் இருந்து உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிற கலவையில் லீற்றருக்குச் சோடியமும் குளுக்கோசும் தலா 75 மில்லிமோல். சமன் அளவு என்பதையும், இரத்தத்தைவிட மொத்தத்தில் ஐதானது என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் "பிள்ளைக்குச் சத்து வேணும்" என்று பக்கற்றைக் குறைந்த தண்ணீரில் கரைக்கவோ, மேலதிகமாகச் சீனி போடவோ கூடாது. குடலுக்குள் கரையம் கூடினால் தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்குத்தான் வரும், வயிற்றோட்டம் மோசமாகும்.

சீனி வருத்தக்காரருக்கு ஏன் அடிக்கடி சலம் போகிறது, ஏன் தாகம் என்பதும் இதேதான். இரத்தக் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் சிறுநீரகக் காவிகளால் முழுவதையும் மீட்க முடியாது. மிஞ்சிய குளுக்கோசு சிறுநீர்க் குழாயில் தங்கித் தண்ணீரையும் தங்கவைத்துவிடும். ஒரு நாளைக்குச் சிறுநீரகம் வடிகட்டுவது 180 லீற்றர். சிறுநீராக வெளியே போவது ஒன்றரை லீற்றர் அளவு. மீதி எல்லாம் அக்குவாபோரின்கள் வழியாகவும் கலங்களுக்கு இடையாலும் திரும்பிவிடுகிறது. கடைசிக் குழாய்களில் எத்தனை அக்குவாபோரினை மென்சவ்வில் வைப்பது என்று சொல்வது மூளையிலிருந்து வரும் ஓர் ஓமோன். அற்ககோல் அந்த ஓமோனை அடக்கிவிடும். கள்ளுக்கொட்டில் பக்கத்து வேலிகளுக்கு வருகிற கதி அதனால்தான்.

இப்போது வெங்காயத்துக்கு வருவோம். தாவரக் கலத்துக்கு வெளியே சுவர் உண்டு, அதனால் வெடிக்கிற பயமில்லை. தண்ணீர் உள்ளே வரவர முதலுரு, அதாவது மென்சவ்வும் அதற்கு உள்ளே இருப்பதும், சுவரை அமுக்கும், சுவர் திருப்பி அமுக்கும், நீரழுத்தம் ஏறி வெளியோடு சமனானதும் நிகர ஓட்டம் நின்றுவிடும். வெங்காயத் தாளை நிமிர்த்தி வைத்திருப்பது இந்த அமுக்கம்தான், அதில் மரத்தின் வைரம் ஒன்றும் இல்லை. சின்ன வெங்காயத்தின் ஊதா நிற மேற்றோலை உரித்து உப்புக் கரைசலில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நிறமான உட்பகுதி சுவரைவிட்டுச் சுருங்கி விலகுவது தெளிவாகத் தெரியும். முதலுருச் சுருக்கம் இதுதான். விலகிய இடைவெளியில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். வெற்றிடம் இல்லை, வெளிக் கரைசல்தான். சுவர் உப்பைத் தடுக்காது, மென்சவ்வுதான் தடுக்கிறது. உப்புக்குப் பதில் வெல்லக் கரைசல்களில் வைத்து, பாதிக் கலங்கள் சுருங்கத் தொடங்குகிற செறிவில் அமுக்க அழுத்தம் பூச்சியம் என்று எடுத்து, அந்தக் கரைசலின் கரைய அழுத்தத்தையே கலத்துக்கும் எழுதுகிறோம். றியோ என்ற செடியின் இலையில் செய்கிற பள்ளிப் பரிசோதனையின் சாரமும் அதுவே.

பாத்தியில் அதேதான் நடக்கிறது, ஆனால் கொஞ்சம் சிக்கலோடு. வெங்காயம் உப்புக்குக் கூச்சமான பயிர். மண்ணைத் தண்ணீரால் நிரப்பி எடுக்கிற சாற்றில், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமன்சைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது வழக்கமாகப் பாவிக்கிற எல்லை. பீற்றூட் 4 வரை தாங்கும். 1.2 என்ற அளவில் கரைய அழுத்தம் ஏறக்குறைய மறை 0.04 மெகாபஸ்கால்தான், வேர்க் கலத்தின் சாறு அதைவிட எவ்வளவோ கீழே இருப்பதால் அந்த நிலையில் பயிர் வாடிவிழாது, வளர்ச்சிதான் மந்தமாகும். வாடல் வருவது மத்தியானத்தில். வெயில் மண்ணிலிருந்து தண்ணீரை மட்டும் கொண்டுபோகிறது, உப்பை விட்டுவிடுகிறது. ஈரம் பாதியானால் உப்பின் செறிவு இரட்டிப்பு. கண்ணுக்கு மண் ஈரமாகத்தான் தெரியும். வேருக்கோ அந்த ஈரத்தை எடுக்க வேண்டிய நீரழுத்தச் சரிவு இல்லை. அத்தோடு மெல்ல மெல்ல உள்ளே போய்ச் சேரும் சோடியமும் குளோரைட்டும் இலை நுனியைக் கருக்கும். அது பிரசாரணம் இல்லை, நஞ்சு. இரண்டும் சேர்ந்துதான் நீங்கள் பார்த்த வாடல்.

கிணறு சவரானது மட்டும் பிரசாரணம் இல்லை. நடுவில் மென்சவ்வு எதுவும் கிடையாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைத் தண்ணீர் கடல்நீருக்கு மேலே வில்லைபோல மிதக்கிறது; அங்குள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதனால்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை அது கடல்நீரை அமுக்கி வைத்திருக்கும். மோட்டரைப் போட்டு இறைத்து மேலே ஒரு அடி இறக்கினால் கீழே 40 அடி உவர் ஏறப் பார்க்கும். அடர்த்தியின் கணக்கு இது.

மென்சவ்வு வைத்து இதற்கு மாற்றுச் செய்கிற இடம் வடமராட்சி கிழக்கில் இருக்கிறது. 2024 இல் திறக்கப்பட்ட தாளையடிக் கடல்நீர் நிலையம் செய்வது பின்முகப் பிரசாரணம்: கடல்நீரின் பக்கம் 27 வளிமண்டலத்தைவிட நன்றாகக் கூடிய அமுக்கத்தைக் கொடுத்து, தண்ணீரின் திசையையே மாற்றுவது. பாடப்புத்தகச் சமன்பாட்டில் அமுக்க அழுத்தத்தை ஏற்றுகிறோம், வேறொன்றுமில்லை. இப்படியான நிலையங்களுக்கு மின்சாரக் கட்டணம் ஏன் இவ்வளவு வருகிறது என்பதற்கும் அந்த எண்ணே பதில்.

தோட்டத்துக்கு என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேறு தண்ணீர் இல்லையென்றால் இடைவெளியைக் குறைத்து இறையுங்கள், மண்ணைக் காயவிட்டு உப்பைச் செறியவிடாதீர்கள். வெயில் ஏறமுன் இறைப்பது நல்லது. மூடாக்குப் போட்டால் ஆவியாவது குறையும். சேர்ந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்குவது மாரி மழைதான், ஆகவே அந்த மழை பாத்திக்குள் நின்று இறங்க வரம்பைக் கட்டி வையுங்கள். அப்புறம், வாடுகிறது என்று பார்த்துவிட்டு யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். உரமும் கரையம்தான். சவர் ஏற்கனவே இறக்கிவைத்த நீரழுத்தத்தை அது இன்னும் இறக்கும், மறுநாள் காலை "உரம் எரிச்சுப் போட்டுது" என்று சொல்லவேண்டி வரும்.